மிராண்டாவா, ஏரியலா, டிரைட்டனா? கண்காட்சிக்கு எந்த நிலவைச் செய்வது

அறிவியல் கண்காட்சி என்றால் வியாழனின் நான்கு நிலவுகள், சனியின் வளையம், அதுவும் இல்லாவிட்டால் சமையல் சோடா எரிமலை. மதுரை வட்டாரத்தில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் பத்து மேசைக்குள் இந்த மூன்றில் ஒன்றாவது நிற்கும். யுரேனஸ், நெப்டியூன் பக்கம் போகிறவர்கள் குறைவு. போகிறவர்களும் ஒரு நீலப் பந்தைச் சுற்றி ஐந்து மணிகளை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். இந்த இரண்டு கோள்களின் நிலவுகளில் நல்ல சரக்கு இருக்கிறது. எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

உருப்படியான வழிகள் நான்கு: யுரேனஸின் ஐந்து பெரிய நிலவுகளுக்குச் சுற்றுப்பாதைப் பலகை (மிராண்டா, ஏரியல், அம்ப்ரியல், டைட்டானியா, ஓபரான்), மிராண்டாவின் மேற்பரப்பு, ஏரியலும் அம்ப்ரியலும் சேர்ந்த சோடி, நெப்டியூனின் டிரைட்டன். டைட்டானியாவையும் ஓபரானையும் தனி மாதிரியாகச் செய்ய வேண்டாம். டைட்டானியாவில் ஏறத்தாழ 1,500 கி.மீ. நீளமான மெசினா பள்ளத்தாக்கு உண்டு. ஓபரானில் 206 கி.மீ. அகலமான ஹாம்லெட் பள்ளமும், விளிம்பில் 11 கி.மீ. உயர மலை ஒன்றும் உண்டு. ஆனால் கையில் இருக்கிற படங்கள் மங்கல். மேசைக்கு முன்னால் நிற்கிறவரிடம் இரண்டு நிமிடத்துக்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது.

எதை எடுத்தாலும் முதலில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. இந்த நிலவுகளின் அருகில் போன விண்கலம் வாயேஜர் 2 மட்டும்தான்: யுரேனஸை 1986 ஜனவரி 24 அன்று கடந்தது, நெப்டியூனை 1989 ஆகஸ்ட் 25 அன்று. யுரேனஸின் தென்துருவம் அப்போது சூரியனைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நிலவுகளுக்கும் தெற்குப் பாதியில்தான் வெயில். வடக்குப் பாதி இருட்டு. ஆகவே இந்த ஐந்து நிலவுகளில் எதற்கும் முழு வரைபடம் கிடையாது. டிரைட்டனிலும் பாதிக்குக் குறைவாகவே தெளிவாகத் தெரிந்தது. பந்து முழுக்கப் பள்ளமும் பிளவும் வரைந்து வைத்தால், பின்பக்கம் இருப்பதெல்லாம் கற்பனை. விவரம் தெரிந்த நடுவர் பந்தைத் திருப்பித்தான் பார்ப்பார். தெரிந்த பாதியைச் செய்யுங்கள். தெரியாத பாதியில் வெறும் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு மட்டும் போட்டு "படம் இல்லை" என்று எழுதிவிடுங்கள். வேலையும் பாதியாகும்.

சுற்றுப்பாதைப் பலகை

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு இதுதான் சரி. கைவேலை குறைவு, நான்கு நாளில் முடியும், கணக்கு நிறைய.

யுரேனஸின் அச்சு ஏறத்தாழ 98 டிகிரி சாய்ந்தது. அதன் பெரிய நிலவுகள் கோளின் நடுக்கோட்டுத் தளத்திலேயே சுற்றுகின்றன. வியாழனின் நிலவுகள் சித்திரைப் பொருட்காட்சியின் குடைராட்டினம் மாதிரி படுக்கையாகச் சுற்றினால், யுரேனஸின் நிலவுகள் ஜயண்ட் வீல் மாதிரி நின்றுகொண்டு சுற்றுகின்றன. ஆகவே மாதிரியை மேசைமேல் படுக்க வைக்கக் கூடாது. சுவரில் நிறுத்த வேண்டும். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே கண்காட்சியில் தனியாகத் தெரியும்.

அளவு: 1 செ.மீ. = 5,000 கி.மீ. எட்டடிக்கு நாலடி சன்பேக் ஷீட் இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்துப் பின்னால் ரீப்பர் கட்டை அடித்தால் 244 செ.மீ. சதுரம் கிடைக்கும். கடைசி நிலவான ஓபரானின் பாதை 233 செ.மீ. விட்டம். விளிம்பில் ஐந்து செ.மீ. மிச்சத்தில் அடங்கிவிடும். இதைவிடப் பெரிய அளவு எடுத்தால் வகுப்பறைச் சுவர் போதாது.

யுரேனஸ் 10.2 செ.மீ.; உரித்த தேங்காய் அளவு. மையத்திலிருந்து மிராண்டா 25.9 செ.மீ., ஏரியல் 38.2, அம்ப்ரியல் 53.2, டைட்டானியா 87.2, ஓபரான் 116.7. நிலவுகளின் பருமன்தான் வேடிக்கை. அஞ்சறைப்பெட்டியைத் திறந்தால் போதும்: மிராண்டாவுக்குக் கசகசா, ஏரியலுக்கு வெண்கடுகு, அம்ப்ரியலுக்குக் கருங்கடுகு, டைட்டானியாவுக்கும் ஓபரானுக்கும் பொடியாகப் பொறுக்கிய கொத்தமல்லி விதை. ஏரியலும் அம்ப்ரியலும் ஏறக்குறைய ஒரே பருமன், ஒன்று வெளிறியது, மற்றது கறுத்தது என்பதால் கடுகு நிறத்திலும் பொருந்திப்போகிறது. கண்ணுக்குத் தெரியவில்லையே என்று நிலவுகளை மட்டும் கோலிக்குண்டு ஆக்காதீர்கள். பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடியைக் கட்டித் தொங்கவிடுங்கள். பெரிதாக்கித்தான் தீர வேண்டுமென்றால் எத்தனை மடங்கு என்று பலகையிலேயே எழுதுங்கள்.

இதே அளவில் சூரியன் 2.8 மீட்டர் குறுக்களவு. அதை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தால் பூமி 300 மீட்டரில், மாசி வீதிகளைத் தாண்டாது. யுரேனஸ் பசுமலையைத் தாண்டி, திருப்பரங்குன்றத்துக்கு முன்னால் நிற்கும். நெப்டியூன் குன்றத்தையும் தாண்டி 9 கி.மீ. தள்ளி. பலகைக்கு மேலே ஒரு மதுரை வரைபடத்தில் இதைக் குறித்து வைத்தால் விளக்கம் தேவைப்படாது.

நிலவுகளை நகர்த்த ஒரே அச்சில் ஐந்து கைகள். சைக்கிள் முன்சக்கர ஆக்சில் ஒன்று, நட்டுகள், பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வாஷர் ஆறு. மிராண்டாவுக்கு ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பி, அதை 26 செ.மீ.க்கு வெட்டினால் போதும். ஏரியலுக்கும் அம்ப்ரியலுக்கும் குடைக்கம்பி. டைட்டானியா, ஓபரானுக்கு மெல்லிய மூங்கில் சிம்பு. இரும்புக் கம்பி போட்டால் எடை தாங்காது. இங்கேதான் பெரும்பாலும் கெடும்: பலகை நிற்பதால் கைகள் தம் எடையாலேயே சரிந்து, காலையில் வந்து பார்த்தால் ஐந்து நிலவும் ஆறு மணி முள் மாதிரி கீழே தொங்கும். இரண்டு கைகளுக்கு நடுவிலும் ரப்பர் வாஷர் போட்டு, கையால் தள்ளினால் மட்டும் நகரும் அளவுக்கு நட்டை இறுக்குங்கள். பின்னால் இரண்டாவது நட் போட்டுப் பூட்டாவிட்டால் பத்து பேர் சுற்றியதும் தளர்ந்துவிடும்.

மிராண்டாவின் கையை மட்டும் பலகைக்குச் சமதளமாக விடக் கூடாது. மற்ற நான்கின் சாய்வு அரை டிகிரிக்கும் குறைவு, மிராண்டாவுக்கு 4.3 டிகிரி. இந்த அளவில் அதன் பாதை ஒரு பக்கம் பலகையிலிருந்து 2 செ.மீ. முன்னால் வரும், எதிர்ப்பக்கம் 2 செ.மீ. பின்னால் போகும். பின்னால் போக இடம் வேண்டும் என்பதால் அச்சைப் பலகையிலிருந்து 4 செ.மீ. வெளியே நீட்டி வையுங்கள். இந்தச் சின்னச் சாய்வில் ஒரு பழைய கதை ஒளிந்திருக்கிறது. அது மிராண்டா பகுதியில் வரும்.

சுற்றும் காலம்: மிராண்டா 1.413 நாள், ஏரியல் 2.520, அம்ப்ரியல் 4.144, டைட்டானியா 8.706, ஓபரான் 13.463. மாணவர்கள் ஒரு நாளுக்கு ஒரு தடவை நகர்த்துவதாக வைத்துக்கொள்வார்கள். அப்படி வைத்தால் மிராண்டா ஒரு தாவலில் 255 டிகிரி போகும். பார்க்கிறவர் கண்ணுக்கு அது 105 டிகிரி பின்னால் வந்த மாதிரி இருக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது. அப்போது நகர்த்த வேண்டிய டிகிரி: மிராண்டா 63.7, ஏரியல் 35.7, அம்ப்ரியல் 21.7, டைட்டானியா 10.3, ஓபரான் 6.7. ஐந்தும் ஒரே திசையில், கோள் தன்னைத்தானே சுற்றும் அதே திசையில்.

அம்ப்ரியலின் காலத்தை மிராண்டாவின் காலத்தால் வகுத்தால் 2.93 வரும். அதை 3 ஆக்கி, "இரண்டும் 3:1 ஒத்திசைவில் இருக்கின்றன" என்று எழுதுவது அடிக்கடி நடக்கிற தவறு. 3:1 ஒத்திசைவு என்றால் ஒன்று ஒரு சுற்று முடிக்கும்போது மற்றது சரியாக மூன்று சுற்று முடிப்பது. வியாழனின் அயோ, யூரோப்பா, கனிமீடு மாதிரி பூட்டிய கணக்கு யுரேனஸின் பெரிய நிலவுகளுக்கு இன்று இல்லை. முன்னொரு காலத்தில் இருந்திருக்கலாம் என்பதுதான் விஷயமே.

ஒரு பல்பும் வேண்டும். பலகைக்கு நேர் முன்னால் பிடித்தால் அது 1986: தென்துருவத்தில் வெயில். பக்கவாட்டில் பிடித்தால் 2007 டிசம்பர்: சம இரவுநாள், நிலவுகள் ஒன்றையொன்று மறைத்த காலம். பலகைக்குப் பின்னால் கொண்டுபோனால் 2030ஐ ஒட்டிய நிலை, வடதுருவத்தில் வெயில். சூரியனை ஒருமுறை சுற்ற 84 ஆண்டு என்பதால் துருவத்தில் 42 ஆண்டு பகல், 42 ஆண்டு இரவு.

மிராண்டா

பெயர் கேட்டதும் எல்லோருக்கும் ஆசை வருகிற நிலவு. விட்டம் 472 கி.மீ. மட்டும். அதற்குள் மூன்று பெரிய உழவு வயல்கள் மாதிரியான பகுதிகள்: ஆர்டன், எல்சினோர், இன்வர்னஸ் எனப்படும் கொரோனாக்கள். வரிவரியான மேடுபள்ளங்கள் வளைந்து வந்து பழைய, பள்ளம் விழுந்த நிலத்தில் சட்டென்று முட்டி நிற்கின்றன. இன்வர்னஸில் அந்த வரிகள் அம்புமுனை போல மடங்குகின்றன. ஓரத்தில் வெரோனா செங்குத்துப் பாறை. உயரம் 20 கி.மீ. வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். அதைவிடக் குறைத்துச் சொல்கிற கணிப்புகளும் உண்டு. மதுரையிலிருந்து அழகர்கோவில் போகிற சாலையைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்தினால் அந்த உயரம். மிராண்டாவின் ஈர்ப்பு முடுக்கம் 0.079 மீ/வி² தான் என்பதால் உச்சியிலிருந்து விட்ட கல் கீழே சேர 12 நிமிடம் ஆகும். மெதுவாக விழுகிறதே என்று நினைக்க வேண்டாம். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 200 கி.மீ.

மாதிரி செய்கிறவருக்கு இதில் ஒரு அருமையான வசதி. பெரும்பாலான பெரிய நிலவுகளில் மேடுபள்ளத்தைச் சரியான அளவில் செய்தால் கண்ணுக்கே தெரியாது. பத்து மடங்கு மிகைப்படுத்த வேண்டும். மிராண்டாவில் தேவையில்லை. 1 செ.மீ. = 10 கி.மீ. என்று வைத்தால் 47 செ.மீ. பந்து, வெரோனா 2 செ.மீ. படியாக நிற்கும். அதே அளவில் நம் யானைமலையின் நீளமே 3 மி.மீ.தான்.

வசதி அவ்வளவுதான். இனித் தொல்லை. அரைப்பந்தை முழுக்கக் களிமண்ணில் செய்தால் 50 கிலோவுக்குக் குறையாது. இரண்டு பேர் தூக்க முடியாது. உள்ளே தெர்மகோல் வைத்து மேலே களிமண் பூசினால், காயும்போது களிமண் சுருங்கும், தெர்மகோல் சுருங்காது. மூன்றாம் நாள் மேற்பரப்பு முழுக்க வெடிப்பு. "இதுவும் நிலவியல் வெடிப்புதான்" என்று சமாளிப்பதை நடுவர்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். காகிதக் கூழ்தான் வழி. பழைய செய்தித்தாள் இரண்டு கிலோவை இரண்டு நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயம் கால் கிலோ சேர்த்து உரலிலோ கிரைண்டரிலோ அரைத்துக்கொள்ளுங்கள். வெந்தயம் பசையாகவும் இருக்கும், பூச்சியையும் அண்டவிடாது. அந்தக் காலத்தில் காகிதக் கூடை செய்தவர்கள் கைமுறை இதுதான். கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பின் மேல் பாலித்தீன் விரித்து, கூழை ஒரு செ.மீ. கனத்துக்கு அப்பி, காய்ந்தபின் கழற்றினால் அரைப்பந்து ஓடு. கொரோனா வரிகளுக்குச் சணல் கயிற்றை வளைத்து ஒட்டி, மேலே மெல்லிய கூழ். வெரோனாவுக்குத் தெர்மகோல் துண்டை பிளேடால் நறுக்கிச் செருகுங்கள்.

ஒரு அடுக்கு காய சித்திரை வெயிலில் ஒரு நாள், ஐப்பசி அடைமழையில் நாலைந்து நாள். பூசணம் பிடித்தால் நாற்றம் போகாது. கண்காட்சி கார்த்திகை, மார்கழியில் என்றால் மிராண்டாவுக்கு மூன்று வாரமாவது வேண்டும். விளாச்சேரி பக்கம் பொம்மை செய்யும் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் அவர்களிடம் விட்டுவிடுங்கள். காகிதக் கூழும் சுருக்கமும் அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

விளக்க அட்டையில் என்ன எழுதுவது? "மிராண்டா மோதலில் துண்டுதுண்டாக உடைந்து மறுபடி ஒட்டியது" என்ற விளக்கம் இன்னும் பழைய பொது அறிவு நூல்களில் உலவுகிறது. வாயேஜர் படங்கள் வந்த புதிதில் சொன்னது அது. இப்போது பெரும்பாலும் ஏற்கப்படுவது வேறு: ஒரு காலத்தில் மிராண்டா அம்ப்ரியலோடு 3:1 ஒத்திசைவில் மாட்டிக்கொண்டது, அதன் பாதை நீள்வட்டமானது, யுரேனஸின் ஓத விசை (நிலவின் அருகுப் பக்கத்தையும் தொலைவுப் பக்கத்தையும் வேறுவேறு அளவில் இழுக்கும் ஈர்ப்பு) நிலவை மாறிமாறிப் பிசைந்து உள்ளே வெப்பம் ஏற்றியது, இளகிய பனி மேலே எழுந்து கொரோனாக்களை உண்டாக்கியது. ஒத்திசைவிலிருந்து நழுவியபோது ஒட்டிக்கொண்ட தழும்புதான் அந்த 4.3 டிகிரி சாய்வு. பலகையில் மிராண்டாவின் கை மட்டும் முன்னும் பின்னும் போவதையும் மேற்பரப்பில் உழவு வரிகளையும் ஒரே காரணத்தால் விளக்கலாம் என்பதால், பலகையும் மிராண்டாவும் சேர்ந்து நின்றால் அதற்குத் தனி மதிப்பு. ஆனால் அதற்கு இரண்டு குழு வேண்டும்.

ஏரியலும் அம்ப்ரியலும்

பத்தாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்கள், ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் யோசிக்காமல் இதை எடுக்கலாம். எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

ஏரியல் 1,158 கி.மீ. விட்டம், அம்ப்ரியல் 1,169. அடுத்தடுத்த பாதைகள். அப்படியிருந்தும் ஏரியல் ஐந்தில் மிக வெளிச்சமானது, பள்ளங்கள் குறைந்த இளமையான மேற்பரப்பு, குறுக்கும் நெடுக்குமாகப் பிளவுப் பள்ளத்தாக்குகள். கச்சினா பள்ளத்தாக்கு மட்டும் 622 கி.மீ. அம்ப்ரியல் மிகக் கறுத்தது, முழுக்கப் பழைய பள்ளங்கள், ஏரியலைவிடப் பாதி வெளிச்சத்தையே திருப்பி அனுப்புகிறது. "ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேரில் ஏன் இந்த வித்தியாசம்?" என்ற கேள்வியைப் பார்க்கிறவரே கேட்பார். கேள்வியை அவரே கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1 செ.மீ. = 50 கி.மீ. எடுத்தால் இரண்டும் 23 செ.மீ. சொச்சம். ஐந்தாம் நம்பர் கால்பந்து 22 செ.மீ.; மேலே அரை செ.மீ.க்குச் சற்று அதிகமாகக் காகிதம் ஒட்டினால் அளவு சரியாக வந்துவிடும். காய்ந்தபின் காற்றை இறக்கிப் பந்தை உருவ, அடியில் ஒரு கை நுழையும் துளையை முதலிலேயே விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் பந்து உள்ளேயே கிடக்கும். கச்சினா 12.4 செ.மீ. நீளம், பால்பாயின்ட் பேனாவின் பின்முனையால் ஈரத்தில் கீறினால் போதும். ஆழம் ஒரு மி.மீ.கூட வேண்டாம். அம்ப்ரியலின் அடையாளம் வுண்டா: நடுக்கோட்டை ஒட்டிய 131 கி.மீ. பள்ளத்தின் அடியில் வெள்ளை வளையம். இந்த அளவில் 2.6 செ.மீ. பத்து ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் போட்டால் கச்சிதம்.

நிறத்தில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். யுரேனஸ் நீலம் என்பதால் நிலவுகளுக்கும் நீலம். இவை எல்லாமே சாம்பல். வெள்ளை டிஸ்டெம்பரில் கறுப்பு ஸ்டெயினரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அட்டையில் தடவிக் காயவைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு. அம்ப்ரியல் கறுப்பு என்றாலும் கரிக்கறுப்பு ஆகாது. சிமென்ட் தரை மாதிரி. வுண்டாவின் வளையம் தவிர அதில் வேறெங்கும் வெள்ளை வேண்டாம்.

பிளவுக்கு விளக்கம் கேட்டால், வறண்ட கண்மாய் வெடிப்பைக் காட்டாதீர்கள். கண்மாய் மண் நீர் வற்றிச் சுருங்கி வெடிக்கிறது. ஏரியலில் நடந்தது நேர்மாறு. உள்ளே இருந்த நீர் உறைந்தது. உறையும்போது நீர் 9 விழுக்காடு விரியும். வெளி ஓடு இழுபட்டுப் பிளந்தது. பிளவின் வழியே இளகிய பனிக்குழம்பு வந்து பல பள்ளத்தாக்குகளின் அடியை நிரப்பியது. இதைக் காட்ட ஒரு கோழிமுட்டை போதும். முதல்நாள் இரவு ஃப்ரீசரில் வைத்தால் காலையில் ஓடு நீளவாக்கில் பிளந்திருக்கும். தெர்மகோல் பெட்டியில் ஐஸ்கட்டியோடு கொண்டுவாருங்கள். மதுரை வெயிலில் பெட்டியைத் திறந்து வைத்தால் ஒரு மணி நேரம் தாங்குவதே பெரிது. நான்கு முட்டை உறையவைத்து ஒவ்வொன்றாக எடுப்பது நல்லது.

அம்ப்ரியல் ஏன் தப்பித்தது? ஏரியல் 1.91 லட்சம் கி.மீ. தூரத்தில், அம்ப்ரியல் 2.66 லட்சத்தில். மற்றதெல்லாம் சமம் என்று கொண்டால் இந்தத் தூர வித்தியாசமே ஓத வெப்பத்தைப் பத்து மடங்குக்கு மேல் மாற்றிவிடும். பிளஸ் டூ மாணவர் என்றால் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டலாம்: வெப்பம் சுற்றும் வேகத்தின் ஐந்தாம் அடுக்குக்கு நேர்விகிதம், 4.144ஐ 2.520 ஆல் வகுத்து ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் 12. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஏரியலில் கார்பன் டை ஆக்சைடு பனியோடு கார்பன் மோனாக்சைடையும் கண்டதாக 2024இல் செய்தி வந்தது. உள்ளே கடல் இருக்கலாம் என்ற பேச்சுக்கு அதுவும் ஒரு காரணம். "கடல் இருக்கிறது" என்று எழுதிவிடாதீர்கள், "இருக்கலாம்" போதும்.

டிரைட்டன்

தூரிகை பிடிக்கத் தெரிந்த கை இருந்தால் டிரைட்டன். விட்டம் 2,707 கி.மீ.; புளூட்டோவைவிடப் பெரியது. மேடுபள்ளம் மிகக் குறைவு. 1 செ.மீ. = 50 கி.மீ. அளவில் 54 செ.மீ. பந்து செய்தால் ஒரு கி.மீ. மேடு 0.2 மி.மீ., அதாவது ஒரு பூச்சுக் கனம். இளஞ்சிவப்பு ஓடிய தென்துருவப் பனி, அதில் கறுப்புத் தீற்றல்கள், மறுபக்கம் கிர்ணிப்பழத் தோல் மாதிரி நிலம். பெயர் அப்படி இருந்தாலும் கிர்ணியில் வலை மேலே எழும்பி நிற்கும். டிரைட்டனில் 30 முதல் 40 கி.மீ. குழிகள். ஈரக் கூழில் பேனா மூடியை நெருக்கநெருக்க அழுத்தினால் 6 முதல் 8 மி.மீ. குழி விழும், அளவு சரி.

கறுப்புத் தீற்றல்கள்தான் கதை. மைனஸ் 235 டிகிரி குளிரில் நைட்ரஜன் பனிக்கு அடியில் சூரிய வெப்பம் சேர்ந்து, வாயு அழுத்தம் ஏறி, பீச்சாக வெளியே வருகிறது என்பது முதன்மையான விளக்கம். வாயேஜர் பார்த்த பீச்சு 8 கி.மீ. நேராக எழுந்து, அங்கே காற்றில் மடங்கி 100 கி.மீ.க்கு மேல் படுக்கையாக ஓடியது. இங்கே சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றினால் எல்லாம் கெட்டது. அது வேதிவினை, நுரைத்து வழியும், நிறமும் தவறு. கறுப்பு உல்லன் நூலை மெல்லிய கம்பியில் சுற்றி 8 செ.மீ. நேராக நிறுத்தி, பிறகு சட்டென்று மடக்கி ஒரு மீட்டருக்குப் படுக்கையாக இழுத்துக் கட்டுங்கள். 1 செ.மீ. = 1 கி.மீ. என்று தனி அட்டை வையுங்கள்.

சுற்றுப்பாதையில் டிரைட்டனுக்கு இணை கிடையாது. பெரிய நிலவுகளில் இது ஒன்றுதான் கோள் சுழலும் திசைக்கு எதிராகச் சுற்றுகிறது. நெப்டியூனுக்கு அப்பால் பனிப்பொருள்கள் சுற்றும் கைப்பர் பட்டையிலிருந்து நெப்டியூனிடம் பிடிபட்டது என்பதற்கு அதுவே சாட்சி. 5.88 நாளில் ஒரு சுற்று. எதிர்த்திசை என்பதால் ஓத விசை அதை மெல்ல உள்ளே இழுக்கிறது. நம் நிலா ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிப்போவதற்கு நேர்மாறு. முதலில் சொன்ன 5,000 கி.மீ. அளவில் நெப்டியூன் 10 செ.மீ., டிரைட்டன் 71 செ.மீ. தூரத்தில் ஒரு மிளகு. அதே நெப்டியூனின் இன்னொரு நிலவான நெரீட் 360 நாளில் ஒரு சுற்று. அருகில் வரும்போது 2.75 மீட்டர், விலகிப்போகும்போது 19 மீட்டர். அறைக்குள் அடங்காது. ஒரு சணலை வகுப்பு வாசலைத் தாண்டி வராந்தாவில் ஓடவிட்டு, கடைசியில் ஒரு கசகசாவோடு ஒரு மாணவரை நிறுத்தினால், கூட்டம் அந்தச் சணலைப் பிடித்துக்கொண்டே உங்கள் மேசைக்கு வந்து சேரும். நெப்டியூனை மையில் முக்கிய நீலமாக ஆக்க வேண்டாம். அந்த அடர்நீலம் வாயேஜர் படங்களில் மாறுபாட்டை ஏற்றியதால் வந்தது. 2024இல் வந்த மறுஆய்வின்படி யுரேனஸைவிடக் கொஞ்சம்தான் நீலம் அதிகம்.

தொலைநோக்கியில் காட்டலாமா?

கேட்பார்கள். மாலையில் மாடியில் ஒரு எட்டங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வைத்தால் யுரேனஸ் சின்னப் பச்சைத் தட்டாகத் தெரியும். நிலவுகள் வேறு விஷயம். டிரைட்டனின் பொலிவெண் (எண் கூடக்கூட மங்கல்) 13.5, டைட்டானியா 13.9, ஓபரான் 14.1, நகர வெளிச்சத்தில் எட்டங்குலத்துக்கு எட்டாது. பன்னிரண்டங்குலத்தோடு ஊரைவிட்டு இருட்டான இடத்துக்குப் போனால் டைட்டானியாவை முயலலாம். மிராண்டாவை மறந்துவிடுங்கள், கோளின் வெளிச்சமே அதை விழுங்கிவிடும்.

எண்ணில் டிரைட்டன் முந்தினாலும் மதுரைக்கு யுரேனஸ்தான் சாதகம். நெப்டியூன் நள்ளிரவில் உச்சிக்கு வருவது செப்டம்பர் கடைசியில். அடுத்து வடகிழக்குப் பருவமழை முடிந்து வானம் தெளிகிற ஜனவரிக்குள் அது மாலை மேற்கில் இறங்கத் தொடங்கிவிடும். யுரேனஸுக்கு அந்த நாள் நவம்பர் கடைசி. மழை விட்ட தை, மாசி மாலைகளில் அது இன்னும் உயரத்திலேயே நிற்கும், 2025, 2026இல் கார்த்திகைக் கூட்டத்துக்கு அருகில். பத்து டிகிரி அட்சத்தில் இருக்கிற நமக்கு அது தலைக்கு மேலேயே கடக்கிறது. அடிவான மூட்டம் தொல்லை தராது.

தமிழ்நாட்டுக்கும் யுரேனஸுக்கும் என்ன தொடர்பு என்று நடுவர் கேட்டால் பதில் ஜவ்வாது மலையில் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது காவலூர் ஆய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் அளவு எடுத்தார்கள். கோள் மறைக்கும் முன்பே விண்மீனின் ஒளி ஒரு கணம் மங்கியது. யுரேனஸுக்குப் புதிய நிலவு ஒன்று என்று காவலூர்க் குழு அறிவித்தது. உலகின் மற்ற இடங்களில் எடுத்த அளவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, குறுக்கே வந்தது யுரேனஸின் வளையம் என்று தெரிந்தது.